டீசரில் தெரிந்த ஜன்னல்

"ஹலோ... ஆமா, டைரக்டர்தான் பேசறேன்... குறும்பட விழாக் குழுவிலேர்ந்தா? சொல்லுங்க சார், சொல்லுங்க..."

அவள் தேநீர்க் கோப்பையை எடிட்டரின் மேஜையிலேயே வைத்துவிட்டாள். அப்பா இல்லாமல், இரவுப் பணிக்குப் போகும் நர்ஸ் அம்மாவோடு மட்டும் வளரும் ஏழு வயதுப் பெண்ணைப் பற்றிய பன்னிரண்டு நிமிடக் குறும்படம் அது. டீசரை வெளியிட்டு மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் விழாவிலிருந்தே கூப்பிட்டால் தலைகால் புரியுமா?

"பாத்தீங்களா சார்... ஆமா... ஆமாமா... இல்ல சார், நடிக்கிற குழந்தையே இல்ல. நிஜ அம்மா, நிஜப் பொண்ணு... குட்டின்னுதான் கூப்பிடுவோம்... வீடா? செட் போட நமக்கு ஏது சார் வசதி, அவங்க வீடேதான்... அந்த ஜன்னலா? நல்லா கவனிச்சிருக்கீங்க. எதிர்ல தெரியுதே தண்ணித் தொட்டி, அது பழைய அச்சாபீஸ் மேல இருக்கறது. அதுக்கு நேர் எதிர்க் கட்டடம், மூணாவது மாடி... ஆமா ஆமா, அந்தத் தெருவேதான். பரவால்லையே, இந்தப் பக்கமெல்லாம் பழக்கமா?"

எடிட்டர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அவள் சிரித்தாள்.

"இடது கையா?... ஆமா சார், சாப்பிடறது, எழுதறது எல்லாம் இடது கைதான். நான் சொல்லிக் குடுக்கல, அவளாவே அப்படித்தான்... ம்... ம்... ஒன்றரை வயசுலேர்ந்தேவா?... அடிச்சும் மாறலயா?... யாரு சார் அடிச்சா?"

பதிலைக் கேட்டதும் அவள் எடிட்டரின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். படத்துக்குச் சம்மதித்த அன்று நர்ஸ் அக்கா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தாள். 'குட்டி முகம் தெரிஞ்சா பரவால்ல, ரெண்டு வயசுல பாத்த மூஞ்சி அந்த ஆளுக்கு அடையாளம் தெரியாது. என் முகம் வேண்டாம். எங்க இருக்கோம்னு மட்டும் வெளிய தெரியவே கூடாது. ஏற்கெனவே மூணு ஊர் மாறிட்டேன் தங்கச்சி.' கடைப் பெயர்ப் பலகையைக்கூட விடாமல் வெட்டி எறிந்தவள்தான் இவள். ஜன்னல் மட்டும் கண்ணில் படாமல் போயிற்று. இப்போது எந்த மாடி என்பதையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

"சார், எந்த விழான்னு சொன்னீங்க?... இல்ல, நீங்க முதல்ல அதச் சொல்லுங்க..."

பேசிக்கொண்டே காகிதத்தை இழுத்து எழுதினாள்: 'குட்டியோட அப்பன். ஸ்கூலுக்கு போன் பண்ணு. அக்காவுக்கும்.' படித்ததும் எடிட்டர் தன் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினான்.

"இல்ல இல்ல, வச்சிராதீங்க... பதறல சார், நான் எதுக்குப் பதறணும்... முழுப் படமும் பாக்கணும்னா ஆபீஸுக்கு வாங்களேன், நானே போட்டுக் காட்டறேன்... இப்பவே வாங்க... வேண்டாமா... நேர்லயே பாத்துக்கறீங்களா?"

போனில் அந்த ஆளின் குரலுக்குப் பின்னால் ஏதோ வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

"எங்கேர்ந்து பேசறீங்க?... தொட்டி தெரியுதா... ம்... எவ்வளவு நேரமா நிக்கறீங்க?"

எடிட்டர் மூச்சு வாங்க வந்து காகிதத்தில் எழுதினான்: 'குட்டி ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம்ல இருக்கா. யார்கூடவும் அனுப்ப மாட்டாங்க.' போன உயிர் அவளுக்குத் திரும்பி வந்தது.

"இங்க பாருங்க, குழந்தை உங்க கைக்குக் கிடைக்க மாட்டா... ஆமா, தெரிஞ்சுதான் பேசறேன். போலீஸுக்கும் சொல்லியாச்சு... சிரிக்காதீங்க."

போலீஸ் என்றது பொய். எடிட்டர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்: 'அக்காகிட்டயும் சொல்லிட்டேன். குட்டியக் கூப்பிட இதோ கிளம்பிட்டாங்க.'

அவள் அந்த வரியை இரண்டு முறை படித்தாள். இரவெல்லாம் கண் விழித்துவிட்டு, பகலில் கதவைத் தாழிட்டுத் தூங்குகிறவள் நர்ஸ் அக்கா. இப்போது அந்தத் தாழ் விலகிவிட்டது. 'வெளிய வர வேண்டாம்னு சொல்லு' என்று எழுதி எடிட்டரின் மார்பில் ஓங்கித் தட்டினாள். அவன் மறுபடி எண்ணை அழுத்தினான். காதில் வைத்தபடி நின்றான். எடுக்கவில்லை என்று தலையாட்டினான்.

"சார்... சார், நான் சொல்றதக் கேளுங்க... என்கிட்ட பேசுங்க. குட்டியப் பத்தி என்ன தெரியணும்? எது வேணா கேளுங்க, சொல்றேன்... நல்லா படிக்கிறா சார், கணக்குல... ஒரு நிமிஷமா? எதுக்கு ஒரு நிமிஷம்?... யாரு?... படியில யாரு எறங்கி வர்றா?... இல்ல சார், அது அவங்க இல்ல. அது வேற யாரோ. சார், நில்லுங்க... ஹலோ... அக்கா, மேல போங்கக்கா... அக்கா..."

அவள் போனுக்குள் கத்தியது அந்தத் தெருவில் யார் காதிலாவது விழுந்ததா தெரியாது. லைன் அறுந்திருந்தது.