முப்பது டிகிரி

லாகர் பீரின் ஈஸ்டுக்குக் குளிர்தான் பிடிக்கும். அறைச் சூட்டில் விட்டால் அவசரப்பட்டுப் பொங்கி, பீரில் பழவாசனை ஏற்றிவிடும். ஐம்பது டிகிரி பாரன்ஹீட்டில் பொறுமையாக வேலை செய்யும். பிறகு ஆறு வாரம், உறைநிலைக்குச் சற்று மேலே, முப்பத்துநான்கில் கிடக்க வேண்டும். ஷிபாய்கன் ஊரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பழைய ஃப்ரிட்ஜில் இதைச் செய்துவந்தேன். உங்கள் போலீஸ்காரர்கள் தூக்கிக்கொண்டு போனது அதைத்தான்.

"உன் புள்ளைக்கு ஜுரம் பாத்தாச்சாடா?" என்று என் மனைவி மார்னி தினமும் கேட்பாள். பீர்ப் பீப்பாயின் சூட்டை நாளுக்கு மூன்று முறை பார்த்தேன். மனைவிக்கு ஒருமுறை பார்த்ததாக நினைவில்லை.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து சர்க்கரை நோய். மூன்று மாத இன்சுலின் மொத்தமாக வரும். சமையலறை ஃப்ரிட்ஜை என் பாட்டில்கள் அடைத்திருந்ததால் அதுவும் கீழேதான்.

"என் மருந்துக்கு ஏதாவது ஆச்சு, உன் பீர் சாக்கடைக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்பவள்.

சனிக்கிழமை, வீட்டில் பீர் காய்ச்சுவோர் சங்கப் போட்டி. புதன்கிழமையும் பீர் கலங்கலாகவே இருந்தது. குளிர் கூடினால் தெளியும் என்று முப்பதுக்கு இறக்கினேன். தண்ணீர் முப்பத்திரண்டிலேயே உறையும்; பீர் முப்பதிலும் உறையாது. ஃப்ரிட்ஜை ஓட்டி நிறுத்தும் வெப்பமானியின் முனை பீப்பாயின் மேல் ஒட்டியிருந்தது. இருபது லிட்டர் மெதுவாகத்தான் குளிரும். அது முப்பதைத் தொடும்வரை ஃப்ரிட்ஜ் நிற்காமல் ஓடியது. உள்ளே காற்று எவ்வளவு குளிர்கிறது என்று பார்க்க ஆளில்லை. கல்லூரியில் வெப்ப இயற்பியலில் நான் நல்ல மதிப்பெண் வாங்கியவன்.

வியாழன் காலை பீர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. இன்சுலின் குப்பிகள் கல்லாகியிருந்தன.

உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. படித்தேன். குப்பிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து உருக்கி, துடைத்து, திரும்ப அடுக்கினேன். போட்டி முடிந்து திங்களன்று புதிது வாங்கிவிடலாம். மேலே இருந்த பழைய குப்பி அதுவரை வரும் என்று கணக்கிட்டேன்.

அன்று மாலையே கீழிருந்து ஒரு புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் படியேறி வந்தாள்.

"ஏன்டா நனைஞ்சிருக்கு? உறைஞ்சு கிறைஞ்சு போச்சா?"

"இல்ல. என் கை ஈரம்."

சனிக்கிழமை காலை வாந்தி எடுத்தாள். சர்க்கரை மீட்டர் எண் காட்டவில்லை, 'மிக அதிகம்' என்று மட்டும் காட்டியது.

"ஊசி போட்டுக்கிட்டே இருக்கேன், இறங்கவே மாட்டேங்குது."

"வயித்துல ஏதோ கிருமி. ஊரெல்லாம் இருக்கு. தண்ணி குடிச்சிட்டுப் படு."

"சரி, போ. மெடல் இல்லாம வந்தே, கதவு திறக்க மாட்டேன்."

போட்டி நடந்த இடத்திலிருந்து இருமுறை அழைத்தேன். இரண்டாவது அழைப்பை அவள் எடுக்கவில்லை. அடுத்து லாகர் முடிவுகள் என்றார்கள். இருந்தேன். வெள்ளிப் பதக்கம். 'வெப்பநிலைக் கட்டுப்பாடு அபாரம்' என்று நடுவர் எழுதியிருந்தார். அவளிடம் காட்டுவதற்காகப் பதக்கத்தைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்தேன்.

அவள் குளியலறைத் தரையில் கிடந்தாள். தரையும் அவளும் ஒரே குளிர்.

விபத்து என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். தெரிந்துதான் செய்தேன். அவள் மருந்துக்கும் என் பீருக்கும் நடுவில் நின்று பீரைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்கு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவளிடம் நான் சொன்ன பொய்கள் அந்த ஈரக் கையும் அந்த வயிற்றுக் கிருமியும் மட்டும்தான்.