ஆறுல ஓடுனத எட்டுல ஓட்டுனாக

...அதான் சொல்லுதேன் அண்ணாச்சி, அந்தக் கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஒழுங்கா ஓடிக்கிட்டுக் கெடந்துச்சு. எங்க வீட்டுக்காரகளுக்குத்தான் கை சும்மா இருக்காது! அந்த ஸ்டூலு ஆடும், இதுல உக்காந்து பாருங்க. திருநெல்வேலில இருந்து இத ரிப்பேர் பாக்கணும்னு இந்தச் சாரல்ல நனைஞ்சு வந்திருக்கீக... இந்தாங்க துண்டு, தலையத் தொவட்டுங்க. நல்லாக் காஞ்சது. சீசன்ல குத்தாலத்துல மொறுமொறுன்னு துண்டு இருக்குத வீடு எங்க வீடு ஒண்ணுதான், ஆமா!

இவுக வடை வாங்கப் போயிருக்காக. வரயில இந்த மெஷின் வந்த அட்டப்பெட்டியயும் கீழ் ரூம்ல இருந்து தூக்கிட்டு வருவாக. எதுக்கா? நீங்க பாத்துட்டு, 'வேகத்தக் கூட்டுனதுதான் கோளாறு'ன்னு சொல்லிட்டா, இன்னைக்கே கட்டி தென்காசில இவுக சேக்காளி ஒலி முகம்மது அண்ணாச்சி வீட்ல கொண்டு வச்சிருவாகளாம். துபாய்ல இருந்து அவுகதான கொண்டாந்து குடுத்தது. 'நான் கெடுத்த சாமானம் என் கண்ணு முன்னால நிக்கப்படாது'ன்னு ஒரே வீராப்பு!

போனா போவட்டும்னு விட முடியுமா? அருவிக்குப் போற வழில போர்டு பாத்திருப்பீகளே, கம்ப்யூட்டர் ஜாதகம்னு? எங்களதுதான். குளிச்சிட்டு வாரவுக பேரு, பொறந்த தேதி, நேரம் எழுதிக் குடுப்பாக. இவுக கீழ நின்னு ஆளக் கூப்பிடுவாக. மேல உக்காந்து தட்டுறது யாரு? நாந்தான்! சிரிக்காதீக. ஆறாப்போட நின்னவதான், இங்கிலீசு எழுத்தத் தேடித் தேடித்தான் தட்டுவேன்... ஆனா ஒரு தப்பு வராது. எதுத்தாப்புல இட்லி விக்காள்லா முத்துவடிவு, அவ என்னய 'கம்ப்யூட்டரக்கா'ம்பா. மொதல்ல கேலிக்குத்தான் கூப்பிட்டா. பொறவு அவ பேரன் பொறந்த நேரத்தக் கைல எழுதிக்கிட்டு மொத ஆளா எங்கிட்டதான் ஓடி வந்தா. இப்பம் தெருவே அப்பிடித்தான் கூப்பிடுது. அகிலாண்டம்னு எனக்கு ஒரு பேரு இருக்குததே எனக்கு மறந்து போச்சு...

என்ன சொல்ல வந்தேன்? ஆங்... வேகம். ஒரு ஜாதகத்துக்கு இருவது நிமிசம் எடுக்கும். குளிச்சிட்டு நடுங்கிக்கிட்டு நிக்கவுக இருப்பாகளா? செங்கோட்ட பஸ்ஸு ஆரன் அடிச்சா ராகு கேதுவ அந்தரத்துல விட்டுட்டு ஓடிருதாக! இவுக ஒரு புஸ்தகத்தப் படிச்சிட்டு, 'ஏட்டி, இது ஆறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துல ஓடுது, எட்டுல ஓட்டலாம்'னாக. கம்பெனிக்காரன் அதுக்கு மேல ஓடப்படாதுன்னு உள்ள ஒரு சில்லுல பூட்டுப் போட்டிருக்கானாம். கிரிஸ்டலுன்னு ஒண்ணு, புளியங்கொட்ட அளவுல தகரம், அதுதான் தாளம் போடுதாம். மூளைச்சில்லு அந்தத் தாளத்துக்கு ஆடுதாம். பூட்டில்லாத சில்லு, வெரசாத் தாளம் போடுத கிரிஸ்டலு, ரெண்டும் மெட்ராஸ்ல இருந்து தபால்ல வந்துச்சு. என் சமையல்கட்டு ஸ்பூன் காம்பக் கொண்டு நெம்புனாக பாருங்க... அன்னைல இருந்து அந்த ஸ்பூன நான் கொழம்புல போடதில்ல!

ஓடிச்சு அண்ணாச்சி! பதினஞ்சே நிமிசம்! இவுக மொகத்தப் பாக்கணுமே, ஐந்தருவிய ஆறருவியா ஆக்குன மாதிரி! பெட்டிதான் கொஞ்சம் சூடாச்சு. பின்னால காத்தாடி ஓட்டைல கையக் காட்டுனா கணகணங்கும்.

பத்து நாளாத்தான் இந்தக் கொடுமை. நடுவுல நிக்குது. அன்னைக்கு ஒரு பொண்ணோட அம்மா எதுக்க உக்காந்திருக்கா, செவ்வாய்ல வந்து நின்னுட்டு! அந்தப் பொம்பள அழுதே போட்டா. இவுக மேல ஏறி வந்து பாத்தா ஓடுது. மூடியக் கழத்திப் போட்டாலும் ஓடுது. கீழ எறங்கினா நிக்குது! இவுகளுக்குச் சோறு எறங்கல, சவரம் பண்ணல. இப்பமும் பாருங்க, நீங்க தெறந்து போட்டு இம்புட்டு நேரமாச்சு, நல்ல புள்ள மாதிரி ஓடுது!

என்னது? பின்னால கொடியா? அது நாந்தான் கட்டுனேன். பத்து நாளா விடாத சாரல் அண்ணாச்சி! ஆடி மாசத்துல இங்கன துணி காயுமா? நாலு நாளு போட்டாலும் நாறும். சூடான காத்து சும்மா வீணாத்தான போவுது... ரெண்டு துண்டு, அதுல ஒண்ணுதான் உங்க தோள்ல கெடக்கு, ஒரு பாவாடை, மூடி மேல இவுக பனியன். அரமணில அப்பளம் மாதிரி ஆயிரும். இவுக படியேறுத சத்தம் கேட்டா சுருட்டி எடுத்துருவேன், பாத்தா ஏசுவாகள்லா...

ஏன் அப்பிடிப் பாக்கீக? அந்த ஓட்டைல இருந்து என்னத்த இழுக்கீக? நூலா? அட, அது பாவாட நாடா... பிஞ்சுட்டுன்னு தேடிக்கிட்டு இருந்தேன்.

இருங்க இருங்க. காத்து வெளிய போவ வழியில்லன்னா... உள்ளயே வெந்து... ஐயையோ! இவுக மேல வந்தா ஓடுனது... நான் துணிய எடுத்ததுனாலயா? அப்பம் பூட்டத் தெறந்தது கோளாறு இல்லியா? எட்டுல தாராளமா ஓடுமா? பத்து நாளா அந்த மனுசன நான் ஏசாத ஏச்சில்லையே அண்ணாச்சி!

இவுககிட்ட சொல்லிராதீக. சாரல் ஈரம் எறங்கிட்டுன்னு சொல்லிருவோமா? ...வேண்டாம், ஈரத்துக்கு ஆவாதுன்னு கட்டி அனுப்பிருவாக. எலி கடிச்சிட்டுன்னா? ...அதுக்கும் அனுப்புவாக. சும்மா இருந்தாலும் அனுப்புவாக! என்ன சொன்னாலும் போயிருமே... கேக்குதா? அட்டப்பெட்டி செவுத்துல ஒரசுத சத்தம். இந்தா, பாதிப் படி ஏறிட்டாக.

ஏங்க! ஏங்க, பெட்டிய அங்கனயே போட்டுட்டு வாங்க! வேண்டாம், பெட்டி வேண்டாம்! உங்க கை வேலைல ஒரு குத்தமும் இல்லியாம்! மேல வாங்க, ஒண்ணு சொல்லணும்... ஏசப்படாது...

அண்ணாச்சி, நீங்க எங்க எந்திரிக்கீக? அடுத்த பஸ்ஸு இருக்கு, உக்காருங்க! ஒத்தையில நான் எப்படிச் சொல்ல? வடையத் தின்னுட்டுப் போங்க. அந்தத் துண்ட மட்டும் மடிச்சு அடில மறச்சு... இல்ல, வேண்டாம். தோள்லயே கெடக்கட்டும்.