கடைசி வரி மேலே போகும்

— இந்தக் காகிதத்துல இருக்கறதை வாசிச்சோம்னா, கேப்டன், விமானத்துலேருந்து இறங்கற அந்த அதிபரம்மா அப்படியே திரும்பி ஏறிப் போயிடுவாங்க.

— சுருக்கமா சொல்லு, லோர்னா. ஒலாமோ நாட்டுத் தூதரகம் அனுப்பின தேசிய கீதம்தானே?

— கீதம்தான், ஆனா பழசு. மூணு வருஷம் முன்னாடி ஓடிப்போன ஜெனரலைப் புகழ்ற பாட்டு. போன மாசமே அதை ஒழிச்சுட்டாங்க. புதுசு எங்கன்னு கேக்கலாம்னா தூதரகத்துல போனை எடுக்க ஆளில்ல. எல்லாரும் வரவேற்புக்குக் கிளம்பிட்டாங்க.

— மணி எட்டு பத்து. பதினோரு மணிக்கு ஆண்ட்ரூஸ் விமானத்தளத்துல விமானம் இறங்குது. நம்ம ராணுவ கமாண்ட் இந்தத் தலைநகர்ல இருக்கறதே இதுக்குத்தான். ஹெலிகாப்டர் பறக்கணும், ஆர்லிங்டன் ராணுவக் கல்லறையில மரியாதை நடக்கணும், நாம பாண்டு வாசிக்கணும். எதுலயும் வாஷிங்டன் தலைகுனியற மாதிரி ஆகக் கூடாது.

— ஜனங்க அந்தப் புதுப் பாட்டைப் பாடற ஒரு வீடியோ கிடைச்சிருக்கு. ஜெனரல் ஓடின அன்னிக்கு யாரோ தெருவுல எடுத்தது. பாதி பாட்டு, மீதி கூச்சல்.

— அதை வெச்சு சுரம் எழுது. வாத்தியக்காரங்க நாப்பது பேருக்குப் பிரிச்சு, ஒன்பதரைக்குள்ள. அதுக்கு மேல பஸ் நிக்காது.

*

— மன்னிக்கணும் சார்ஜென்ட்டம்மா, குப்பைக்கூடையை எடுக்க வந்தேன். அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடறீங்களா?

— இல்டாம்மா, உங்களுக்கு இது தெரியுமா?

— ஒன்பது வருஷமா இந்தக் கூடத்தைப் பெருக்கறேன். நான் எந்த ஊர்க்காரின்னு ஒருத்தரும் கேட்டதில்லையே, கண்ணு.

— நான் உள்பட. விளக்குமாத்தைச் சாத்திட்டு இங்க உக்காருங்க. பாடுங்க, எழுதிக்கறேன்... மெதுவா. இந்த இடம் மூணு தட்டா, நாலா?

— தட்டுக் கணக்கெல்லாம் தெரியாது. அது மூச்சு வாங்கற இடம். அங்க நிறுத்தலேன்னா அடுத்த வரிக்கு நெஞ்சு பத்தாது.

— சரி, மூச்சு. கடைசி வரி?

— மேல போகும்.

— வீடியோல கீழ இறங்குதே.

— கீழ இறங்கினா அது அழறவ பாட்டு, கண்ணு. நாங்க இருந்த இடத்துல மேலதான் பாடுவோம்.

— எந்த இடம்?

— ஒரு சின்ன அறை. சுவரு நல்ல கெட்டி. நீ எழுது, நேரம் போகுது.

*

— லோர்னா, கடைசி சுரம் வீடியோல இருக்கற மாதிரி இல்லையே.

— இல்டாம்மா சொன்னது, கேப்டன்.

— கூடம் பெருக்கற இல்டாவா? ஒரு நாட்டோட கீதம் இது.

— அது அவங்க நாடு. வீடியோ கடைசில கேக்கறது பாட்டே இல்ல, கூட்டம் கலையற சத்தம்.

— தப்பாப் போச்சுன்னா?

— என் சார்ஜென்ட் பட்டையைக் கழட்டுங்க.

— உன் பட்டையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? அங்க பாண்டு முன்னாடி கோலைத் தூக்கப் போறவன் நான். சரி, அவங்களையும் பஸ்ல ஏத்து. போற வழியில எல்லாருக்கும் பாடிக் காட்டட்டும்.

*

— இந்த ஓடுபாதைக் குளிர்ல காது விறைக்குது இல்டாம்மா. டிரம்பெட் உறைஞ்சிடாம இருக்கணும்.

— பாரு, இறங்கறாங்க. அந்தச் சாம்பல் கோட்டுதான் அதிபரம்மா. எவ்வளவு சின்ன உருவம்.

— இதுக்கு முன்னாடி பாத்ததில்லையா?

— எங்க பாக்கறது? அப்பல்லாம் அவங்க பேரைச் சொன்னாலே உள்ள தூக்கிப் போட்டுடுவாங்க.

— ஆரம்பிச்சாச்சு... மூச்சு. நீங்க சொன்ன இடத்துல கேப்டன் சரியா நிறுத்தறார் பாருங்க.

— ம்.

— கடைசி வரி. மேல... இன்னும் மேல... போயிடுச்சு இல்டாம்மா. நாப்பது பேரும் ஒண்ணாப் போயிட்டாங்க.

— கண்ணு, அந்தம்மாவும் கூடப் பாடறாங்க.

— ஆனா பாட்டு முடிஞ்சும் காருக்குப் போகலையே. பாண்டு பக்கம் வர்றாங்க. கேப்டன்கிட்ட ஏதோ கேக்கறாங்க. அவர் இங்க ஓடி வர்றார்.

— லோர்னா... இரு, மூச்சு விட்டுக்கறேன்.

— தப்பா, கேப்டன்?

— தப்பில்ல. நூத்துக்கு நூறு சரி. அதான் அவங்களுக்கு ஆச்சரியம். தெருவுல எல்லாரும் கீழதான் இறக்குவாங்களாம். கீதமா ஏத்துக்கிட்டப்போ, மேலதான் போகணும்னு அதிபரம்மாதான் அடம்பிடிச்சு மாத்தியிருக்காங்க. இன்னும் அச்சுக்கே போகலையாம். உங்களுக்கு யார் சொன்னாங்கன்னு கேக்கறாங்க.

— அவங்களுக்கு யார் சொன்னாங்களாம்?

— ஜெயில்ல பக்கத்து அறையில இருந்த பொண்ணு. சுவத்துல வாய் வெச்சுப் பாடிப் பாடிக் கத்துக் குடுத்தாளாம். முகம் பாத்ததில்ல. ஒரு நாள் காலைல அந்த அறை காலி. சுட்டுட்டோம்னு காவல்காரன் சொன்னானாம். இப்பவும் வருஷா வருஷம் அந்தச் சுவத்துக்கிட்ட பூ வெக்கறாங்களாம்.

— இல்டாம்மா... நீங்க சொன்ன அந்தச் சின்ன அறையா?

— ஆமா, கண்ணு. கேப்டன், அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லுங்க. காவல்காரன் சொன்னது பொய். இந்த வருஷம் பூவைச் சுவத்துக்கிட்ட வெக்க வேண்டாம், என் கையில குடுக்கச் சொல்லுங்க.