கேள்வியே தப்பு

பிற்பகல் ஒன்று இருபது. அடையாறு சிக்னலில் நின்ற பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் கல்லூரிப் பெண் ஒருத்தி பரீட்சை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் இருந்த தோழியிடம் சொன்னாள்:

“கடைசிக் கணக்குக்கு, கேள்வியே தப்புன்னு எழுதிட்டு வந்துட்டேன்.”

“லூசாடி நீ? பத்து மார்க்! அது போச்சுன்னா உனக்கு அரியர்.”

“சின்னது பெருசுக்குள்ள அடங்கி ஏறுற செயின் எல்லாம் ஒரு இடத்துல நின்னா, டொமைன்ங்கிற அந்த எண் கூட்டம் ஒரு ஃபீல்டுன்னு நிரூபிக்கச் சொல்றாங்க. முழு எண்ணை எடுத்துக்கோ. பன்னெண்டோட மடங்கெல்லாம் ஆறோட மடங்குக்குள்ள இருக்கு. அது மூணோட மடங்குக்குள்ள. அது ஒண்ணோட மடங்குக்குள்ள. அதுக்கு மேல ஏற இடமில்ல. நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சு.”

“ஃபீல்டுன்னா வகுத்தாலும் உள்ளயே இருக்கணும். ஒண்ணை ரெண்டால வகுத்தா முழு எண்ணா வருது?”

“அரை.”

“அவ்ளோதான். ‘இறங்குற செயின் நின்னா’ன்னு கேட்டிருக்கணும். ரெண்டு, நாலு, எட்டோட மடங்குன்னு இறங்கினா முழு எண்ல நிக்கவே நிக்காது. பிரிண்ட்ல வார்த்தை மாறிப்போச்சு.”

ஜன்னலோரப் பெண் பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தாள்.

“நான் மூணு பக்கம் நிரூபிச்சிருக்கேன்டி.”

“இல்லாத ஊருக்கு மூணு பக்கம் வழி சொல்லியிருக்கே.”

சாந்தோம் தாண்டியதும் ஜன்னலோரப் பெண்ணின் கைபேசி ஒலித்தது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் துறைத் தலைவர் அனுப்பியிருந்ததை அவள் உரக்கப் படித்தாள்.

“கடைசிக் கேள்வியில் அச்சுப்பிழை. விடை எழுத முயன்ற அனைவருக்கும் முழு மதிப்பெண்.”

“அனைவருக்கும்னா? மூணு பக்கம் தப்பா நிரூபிச்ச உனக்குமா?”

“எனக்கும்தான் மச்சி.”

அடுத்த நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள்.