கீல்களை நான்தான் மாட்டினேன்

"உனக்குப் பேச்சு வருமா, இல்ல பித்தளைகிட்ட மட்டும்தான் பேசுவியா?"

சித்தப்பாவின் பழைய மரச்சாமான் கடைக்குத் தச்சராக வந்து சேர்ந்த அன்றே, பிற்பாடு நான் அண்ணன் என்று கூப்பிட்டவர் என்னிடம் இப்படிக் கேட்டார். "அவ வாய்க்குப் பூட்டு போட்டு சாவிய எங்கயோ தொலைச்சுட்டாப்பா," என்றார் சித்தப்பா. இருவரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

பீரோக்களின் கைப்பிடி, கீல், பூட்டுத் தகடு எல்லாவற்றையும் கழற்றி, எலுமிச்சைச் சாறும் உப்பும் தொட்டுக் களிம்பு போகத் தேய்ப்பது என் வேலை. பழைய திருகுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. கழற்றும்போதே அட்டையில் கீலை வரைந்து, திருகுகளை அதனதன் இடத்தில் குத்திவைப்பேன். மாறிப்போனால் தலை ஒழுங்காகத்தான் உட்காரும். உள்ளே மரத்தைப் பிடிக்காது.

நான் தேய்ப்பேன். அண்ணன் இழைத்துக்கொண்டே பேசுவார். நான் பதில் சொல்லாவிட்டாலும் விடமாட்டார்.

வேறு ஊரில் பெரிய பட்டறையில் அவருக்கு வேலை கிடைத்தது. "வர்ற வாரம் கிளம்புறேன், பாப்பா. இனிமே நீயும் பித்தளையும்தான்."

அப்போது கண்ணாடிக் கதவு வைத்த பீரோ ஒன்று வந்திருந்தது. கீல்களைப் பொன்னாக மின்னும்வரை தேய்த்தேன். மாட்டும்போது, வேறொரு பெட்டியின் மெல்லிய திருகுகளைப் போட்டேன். பூட்டியிருக்கும்வரை கதவு நிற்கும். பீரோவை விற்கும் முன் அண்ணன் முழங்காலிட்டு, கதவைத் திறந்து, அடியில் வலது கையை விட்டு, உரசுகிறதா என்று பார்ப்பார்.

விரல் லேசாக நசுங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். கதவு அவ்வளவு கனம் என்று தெரியாது என்று சொல்லலாம். ஆனால் கழற்றும்போது ஒரு பக்கம் தூக்கியவள் நான்.

கதவு பெயர்ந்து அவர் கைமேல் விழுந்ததற்கு, மரம் உளுத்துப்போயிருந்ததுதான் காரணம் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

அண்ணனின் விரல்கள் இப்போது மடங்குவதில்லை. புது வேலையும் போயிற்று. சித்தப்பா பாவம் பார்த்து அவரை என் பக்கத்தில் உட்காரவைத்தார். இடது கையால் கைப்பிடி தேய்க்கிறார். இப்போதெல்லாம் நான்தான் பேசுகிறேன். டீயை ஆற்றிக் கொடுக்கிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

இன்று காலை, "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாத்துக்கமாட்டா," என்றார். அண்ணன் தங்கைக்குள் ஒளிவுமறைவு எதற்கு?

"திருகை நான்தான் மாத்திப் போட்டேன், அண்ணா. நீங்க போயிடுவீங்களேன்னு."

தேய்த்துக்கொண்டிருந்த கைப்பிடியைத் துணியோடு கீழே வைத்தார். கோபம் இருந்திருந்தால் திட்டியிருப்பார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார்.