இரண்டாம் வாரச் சரிவு

ஜனவரி மாதத்தில் பெரிய படம் வெளியிடுவது பற்றி உங்களுக்கு ஏதாவது அபிப்பிராயம் உண்டா, மேடம்? இல்லையென்றால் நல்லது. அபிப்பிராயம் இல்லாதவர்களிடம் பேசுவது எனக்கு எளிது. எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்கள் குறைவு.

நீங்கள் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து இவ்வளவு தூரம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். லாரல் தியேட்டரில் தண்ணீர்க் குழாய் வெடித்தது விபத்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக இருந்தீர்கள். அதற்குள் நான் வந்து உங்கள் அறைக் கதவைத் தட்டிவிட்டேன். நேரம் எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். முதலிலிருந்து சொன்னால்தான் நான் செய்தது நியாயம் என்பது விளங்கும்.

லாரலில் ஒரே ஒரு திரை. உரிமையாளர் பெர்னடெட் நோவாக்; ஊருக்கே பெர்னி. நான் அங்கே கட்டடத்தைச் சூடாக வைக்கிற பாய்லரைப் பார்க்கிறவன். உடைந்த நாற்காலியைச் சரிசெய்வதும், வாசல் படியில் பனி தள்ளி, வழுக்காமல் இருக்க உப்புத் தூவுவதும் என் வேலைதான். முழங்கால் இரண்டும் போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆனால் எப்படியோ அங்கே போய்விடுவேன். முதல் காட்சிக்கு முன்னால் பாப்கார்ன் கவுண்டரில் நாங்கள் கூடுவோம். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஓடெல் ப்ரூயிட் டோனட் வாங்கி வருவான். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிற டெல்லா வருவாள். பெர்னி காப்பி போடுவாள்.

நாங்கள் படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பது குழந்தைகள் பேசுகிற பேச்சு. எந்தக் கம்பெனி எந்தத் தேதியில் எதை இறக்குகிறது, ஏன் தள்ளிப்போடுகிறது, எத்தனை நாளில் வீட்டு டிவிக்கு விடுகிறது என்பதுதான் எங்கள் பேச்சு. முதல் வாரக் கூட்டத்தை நாங்கள் மதிப்பதே இல்லை. முதல் வாரம் வெறியர்கள் வருவார்கள். அது எந்தப் படத்துக்கும் வரும். இரண்டாவது வாரம் நூற்றுக்கு எவ்வளவு சரிகிறது என்பதுதான் படத்தின் யோக்கியதை. அவரவர் கணிப்பைக் கவுண்டருக்குப் பின்னால் உள்ள கரும்பலகையில் டெல்லா எழுதுவாள். லாரலின் கணக்கு மட்டும்தான். நாடு முழுவதும் என்ன ஆனது என்பது வேறு ஆட்களுக்கு. தோற்றவன் அடுத்த படத்தின் முதல் நாளில் மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு வாசலில் டிக்கெட் கிழிக்க வேண்டும். அது பழைய திரைச்சீலையில் டெல்லா தைத்தது. போன வருடம் தொடர்ந்து நான்கு தடவை நான்தான் போட்டேன். கடைசியில் அவள் அதை என் தோள் அளவுக்குப் பிரித்துத் தைத்துவிட்டாள். நான் வருத்தப்படவில்லை. இதைச் சொல்வது உங்களுக்குத் தகவலாக இருக்கட்டும் என்றுதான்.

டைட்டன் கேட் கம்பெனி 'இடிவண்டு' மூன்றாம் பாகத்தை மே மாதத்திலிருந்து ஜனவரிக்கு மாற்றியது. அதோடு ஒரு நிபந்தனையும் போட்டது. படத்தை எடுக்கிற தியேட்டர் நான்கு வாரம் அதையே ஓட்ட வேண்டும். பத்துத் திரை உள்ள இடத்தில் அது ஒன்றுமில்லை. ஒரு திரை வைத்திருப்பவளுக்கு அது கழுத்தில் போட்ட கயிறு. பெர்னிக்கு ஏற்கெனவே கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. கட்டடத்தை வாங்க ஒரு மலிவுவிலைக் கடைக்காரன் மாதம் தவறாமல் வந்து போய்க்கொண்டிருந்தான். நிபந்தனை வந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எங்களிடமே கேட்டாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்கப்பா. ரெண்டாவது வாரம் ஆள் வருமா, வராதா? வந்தா கூரைய மாத்திடுவேன். வரலன்னா மிச்ச வாரமெல்லாம் காலி நாற்காலிக்குப் படம் காட்டிட்டு, கட்டடத்த வித்துட்டுப் போக வேண்டியதுதான்."

"எடுக்காத பெர்னி," என்றேன் நான். "ஜனவரியில எவனாவது சூப்பர் ஹீரோவ இறக்குவானா? அது குப்ப கொட்டற மாசம். ஓடாதுன்னு அவனுக்கே தெரிஞ்ச படத்தத்தான் அங்க கொண்டாந்து தள்ளுவான்."

"அங்கதான்டா சூட்சுமமே," என்றான் ஓடெல், வாயில் டோனட்டோடு. "மே மாசம்னா நார்த்லாம்ப் கம்பெனி படம் ரெண்டு, கார்ட்டூன் ஒண்ணு, அத்தனையோடயும் முட்டிக்கிட்டுச் சாகணும். ஜனவரியில மைதானமே காலி. ஜனங்களுக்கும் குளிர்ல போக்கிடம் கெடையாது. வேற எங்க போவாங்க?"

"வீட்ல இருப்பாங்க. ஒன்றர மாசத்துல டிவிக்கு விட்டுடுவேன்னு அவனே சொல்லிட்டான்ல? மொத வாரம் பைத்தியம் புடிச்சவன் வருவான். ரெண்டாவது வாரம் உங்க அத்தையா வருவா?"

"வருவாங்கடா. எங்க அத்தைக்கு இடிவண்டுன்னா உசுரு." டெல்லா சிரித்தாள். ஓடெல் விடவில்லை. "டேய் வர்ஜில், போன வருஷம் நீ ஓடாதுன்னு சொன்ன நாலும் ஓடிச்சு. நீ ஒரு படத்த ஓடாதுன்னு சொன்னா கம்பெனிக்காரன் கேக் வெட்டறானாம், தெரியுமா?"

பெர்னியும் சிரித்தாள். அதை நான் கவனித்தேன். கவனித்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

பலகையில் என் கணிப்பு நூற்றுக்கு அறுபது சரிவு, ஓடெலுடையது முப்பத்தைந்து. பெர்னி ஓடெல் சொன்னதைக் கேட்டுப் படத்தை எடுத்தாள்.

முதல் வாரம் அரங்கு நிறைந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் வெளியே வந்தவர்களின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை. திரும்ப வருகிற முகம் அது. முதல் நாளே அடுத்த வெள்ளிக்கு முன்பதிவு தொடங்கிவிட்டது. தேதி தவறு என்பது சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயம். மக்கள்தான் அதைப் புரிந்துகொள்ளாமல் இருந்தார்கள். புரியவைக்க யாராவது கொஞ்சம் உழைக்க வேண்டியிருந்தது. நான் உழைப்புக்கு அஞ்சியவன் இல்லை.

முதலில் வாசல் படிக்கு உப்புத் தூவுவதை நிறுத்தினேன். அதை ஒரு செயல் என்று சொல்ல முடியாது. ஒன்றைச் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். தேவாலயத்தில் பாட்டு சொல்லித்தருகிற திருமதி ஆல்ட்ரிச் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மறுநாள் மாவுக்கட்டோடு வந்து முழுப் படத்தையும் பார்த்தாள். அந்தக் கட்டின் மேல் இடிவண்டின் படத்தை வரையச் சொல்லி எல்லாரிடமும் நீட்டினாள். எனக்கும் நீட்டினாள். வரைந்து கொடுத்தேன்.

பிறகு அரங்கின் சூட்டைக் குறைத்தேன். இதில் நான் ஒன்றை யோசிக்காமல் விட்டுவிட்டேன். படத்தின் பின்பாதி முழுக்கப் பனிக் கிரகத்தில் நடக்கிறது. ஜனங்கள் போர்வையோடு வந்து, மூச்சு ஆவியாவதைப் பார்த்துக் கைதட்டினார்கள். லாரலில் படத்தோடு குளிரும் காட்டுகிறார்கள் என்று செய்தி பரவி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்தும் வந்தார்கள். உடனே சூட்டை ஏற்றினேன். சட்டையைக் கழற்றும் அளவுக்கு ஏற்றினேன். குளிர்பானம் எல்லாம் தீர்ந்துபோனது.

பெர்னி பாய்லர் அறைக்கே இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "தியேட்டர்காரிக்கு லாபம் பானத்துலதான்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு பாரு. நீ மட்டும் இல்லன்னா நான் என்னப்பா பண்ணுவேன்?" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. இப்படிப்பட்டவள் ஓடெல் மாதிரி ஒருவனின் பேச்சைக் கேட்டு ஏமாந்துவிட்டாளே என்றுதான்.

புதன், வியாழன் லாரலுக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமைக்கு எல்லா இடமும் விற்றுவிட்டது என்று டெல்லா சொன்னாள். சரிவு என்பதே இருக்காது போல, ஏறினாலும் ஏறும் என்றாள். இரண்டாவது வாரம் ஏறுவதாவது, மேடம். அப்படி ஒன்று நடந்தால் மனிதன் எதை நம்புவது?

உள்ளே தண்ணீர் உறைந்தால் எந்தக் குழாயும் பிளந்துவிடும். புதன்கிழமை காலையில் பாய்லரை அணைத்தேன். கூரைக் கதவைத் திறந்து, மூடிக்கொள்ளாதபடி ஒரு செங்கல் வைத்தேன். வீட்டுக்குப் போய் உருளைக்கிழங்கு சூப் சாப்பிட்டேன். வியாழன் காலை வந்து பார்த்தபோது குழாய்கள் தாங்கிக்கொண்டிருந்தன. பெர்னியின் அப்பா காலத்தில் போட்டவை, நல்ல வேலைப்பாடு. பக்கக் கதவையும் திறந்து, வாசலில் பெரிய மின்விசிறியை வெளிக்காற்று உள்ளே வரும்படி திருப்பி வைத்தேன். பிறகு கவுண்டரில் உட்கார்ந்து காத்திருந்தேன். மதியம் ரொட்டியைப் பிரித்தபோது மேலே முதல் சத்தம் கேட்டது. முதலில் தீயணைப்புக் குழாய் பிளந்தது; அப்புறம் மற்றவை. தண்ணீர் திரையின் மேல் இறங்கி, இறங்கியபடியே உறைந்தது. உட்கூரை நனைந்து, பத்துப் பதினைந்து வரிசை நாற்காலிகளின் மேல் மொத்தமாக விழுந்தது. ரொட்டியைச் சாப்பிட்டு முடித்தேன். கதவுகளை மூடி, செங்கல்லையும் விசிறியையும் எடுத்த இடத்தில் வைத்தேன். பிறகுதான் பெர்னிக்குப் போன் செய்தேன்.

அவள் தியேட்டரைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "நீ உள்ளயா இருந்த? உனக்கு ஒண்ணும் ஆகலையே வர்ஜில்?" என்றுதான் கேட்டாள். அதை நான் மறக்கமாட்டேன்.

அதோடு விஷயம் முடிந்திருக்கும். நான் இங்கே வரவேண்டிய அவசியமே இருந்திருக்காது. நாடு முழுவதும் படம் நூற்றுக்கு முப்பதுதான் சரிந்தது என்று செய்தி வந்தது. அது எனக்குப் பொருட்டில்லை. எங்கள் பலகை லாரலுக்கு. லாரலில் இரண்டாவது வார வசூல் பூஜ்யம். தியேட்டர் இல்லாததால் அந்த ஞாயிற்றுக்கிழமை டெல்லா வீட்டில் கூடினோம்; நான் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஓடெல் மஞ்சள் மேலங்கியில் எப்படி இருப்பான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன்.

பெர்னி சமையலறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். காப்பி அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

"காப்பீட்டுப் பணம் வந்துடும்," என்றான் ஓடெல் அவளிடம். "அது வர்ற வரைக்கும் பேருந்துல ஒரு டப்பா வெச்சிருக்கேன். பசங்க எல்லாம் போடறாங்க. கோடைக்குள்ள தொறந்துடலாம் பெர்னி. நான் வந்து சுண்ணாம்பு அடிக்கறேன்."

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பலகை விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.



"என்ன பலக?" என்றாள் டெல்லா.

"ரெண்டாவது வாரச் சரிவு. நான் அறுபதுன்னு சொல்லியிருந்தேன்."

"டேய், ஒனக்கு மூளை கீளை கலங்கிடுச்சா?" என்றான் ஓடெல். கோபமாகக்கூட இல்லை, என் தோளில் கை வைத்துத்தான் சொன்னான். "தியேட்டரே இல்லடா."

"தியேட்டர் இல்லன்னா ஆள் வரலன்னுதான அர்த்தம்?"

டெல்லா பெருமூச்சு விட்டாள். "வர்ஜில், விதி உனக்குத் தெரியாதா? நீதான அன்னிக்கு வெள்ளத்தப்போ சண்ட போட்டு அத எழுத வெச்ச? வெள்ளம், பனி, மின்வெட்டு வந்தா அந்த வாரம் செல்லாது. இது கடவுள் செயல். யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல. போதுமா?"

கடவுள் செயல். அந்தச் சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை, மேடம். மூன்று நாள் தூங்க முடியவில்லை. குளிரில் கூரை ஏறியது யார், விசிறியைத் தள்ளியது யார், இந்த முழங்காலோடு. வாழ்நாளில் முதல் தடவையாக நான் சொன்ன ஒன்று சரியாக நடந்திருக்கிறது. அதை யார் பெயரிலோ எழுதிவிட்டுப் போகப் பார்க்கிறார்கள்.

சாவி வைத்திருக்கிற வேலைக்காரனே வேண்டுமென்று செய்தது என்றால் கம்பெனி பணம் தராது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது பேனாவையும் கீழே வைத்துவிட்டீர்கள். உங்கள் நல்ல மனது புரிகிறது. பெர்னிக்கு அந்தப் பணம் வராது, கூரை வராது, மலிவுவிலைக் கடைக்காரனுக்குக் கட்டடம் போய்விடும். எல்லாம் நானும் யோசித்தேன். ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறது. படத்தை எடுக்காதே என்று நான் முன்கூட்டியே சொன்னேன். எடுத்தாள், என்ன ஆனது என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். மே மாதத்திலேயே விட்டிருந்தால் இந்தக் குழாய்கள் உறைந்திருக்குமா? ஜனவரி தப்பான மாதம் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? நாளைக்கு ஆத்திரம் அடங்கிய பிறகு பெர்னி என்னிடம்தான் வருவாள், அடுத்த தடவை உன்னைக் கேட்டுத்தான் எடுப்பேன் என்று சொல்லுவாள்.

அதனால் பேனாவை எடுத்து, ஓடெலுக்கும் படித்தால் விளங்கும்படி எழுதுங்கள். இது விபத்து இல்லை. இதில் பனிக்கும் கடவுளுக்கும் பங்கு இல்லை. வர்ஜில் குபியாக் ஆகிய நான், சுயநினைவோடு, தனி ஆளாகச் செய்தேன். அந்த வாரம் செல்லும்.

தவறே செய்யவில்லை என்று நான் சாதிக்கப் போவதில்லை. அறுபது சரியும் என்று சொன்னேன், நூறு சரிந்துவிட்டது. அந்த நாற்பதுக்கு நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன்.