வெயிலுகந்தம்மா எழுதுன பதில்

பீரோவ எத்தன தடவ தொறந்து பாத்தாலும் அம்புட்டுதான் சார் இருக்கு. நாலு கண்ணாடிக் குழாய், ஒரு தராசு. தராசுக்கும் ஒரு தட்டு கெடையாது. மைக்ராஸ்கோப்பா? அது மேனேஜர் வீட்டுல இருக்கு. ஆமா சார், நம்ம பள்ளிக்கூடத்து மேனேஜர் ராமசுப்பு மொதலாளி வீட்டுலதான். அவிய மக கோயில்பட்டியில படிக்கா. லீவுல வந்தா பூவு, எறும்பு எல்லாத்தையும் வச்சுப் பாப்பா. அவ படிக்க பள்ளிக்கூடத்துல மேசைக்கு ஒண்ணு வச்சிருக்காவளாம். அது பத்தலைன்னு வீட்டுல நம்மளோடதும்.

நீங்க சயின்ஸ் வாத்தியாரா வந்து நாலு நாளுதான ஆவுது. நான் இங்கன ஏழு வருசமா பியூன் வேல பாக்கேன். பள்ளிக்கூடத்த ஹைஸ்கூலா ஆக்குனப்ப சர்க்காருல குடுத்த சாமான் அது. பஸ்ஸு டாப்புலருந்து நாந்தான் எறக்குனேன். வைக்கோலப் பிரிச்சா பித்தளை அப்பிடி மின்னுது. மாலையெல்லாம் போட்டு போட்டோ எடுத்தாவ. மறுநாளே நம்ம ஹெட்மாஸ்டரு பெரிய சார் என்னையக் கூப்பிட்டு, இங்கன கதவு சரியில்ல, மேனேஜர் வீட்டுல பத்திரமா வச்சிட்டு வான்னாவ. அன்னைக்குப் போனதுதான்.

வரும் சார், வராம என்ன. இன்ஸ்பெக்சன் அன்னைக்கு வரும். விடியமுன்ன நான் போயி தலையில வச்சுத் தூக்கிட்டு வருவேன். கரிசக்காட்டு வழியா ஒரு மைலு. மழ பேஞ்சிருந்தா ஒவ்வொரு காலையும் மண்ணுலருந்து பிடுங்கிப் பிடுங்கி வைக்கணும். சாயந்தரம் திரும்பக் கொண்டு போயி வச்சிருவேன். பிள்ளைக எட்டி நின்னு வேடிக்க பாக்கும், அம்புட்டுதான்.

நீங்க மேல எழுதிப் போடுதேன்னு சொல்லுதிய. எழுதுங்க. ஆனா இது மொத எழுத்து இல்ல சார். முன்னயே ஒரு பிள்ள எழுதிட்டு.

வெயிலுகந்தம்மான்னு ஒம்பதாப்புல படிச்சிச்சு. வாத்தியார் போர்டுல தப்பாப் போட்டா எந்திரிச்சு நின்னு கேட்டுரும். ஒரு தடவ நான் பெட்டியத் தூக்கிட்டு வரயில கூடவே ஓடி வந்துச்சு. ஒரே ஒரு தடவ கண்ண வச்சுப் பாத்துக்கிடுதேன்னு கெஞ்சுச்சு. கைய எடு ஏட்டி, ஒடஞ்சுதுன்னா எந்தலையத்தான் எடுப்பாவன்னு வெரட்டி விட்டேன்.

அப்புறம் கோயில்பட்டியில ஸ்காலர்ஷிப் பரிச்ச வந்துச்சு. நம்ம பள்ளிக்கூடத்துலருந்து ஏழு பேரு போனாவ. வெங்காயத் தோல மைக்ராஸ்கோப்புல வச்சா நீ என்ன பாத்தங்கிறத படமா வரைன்னு ஒரு கேள்வி. மத்த ஆறு பேரும் புஸ்தகத்துல இருந்தத அப்பிடியே வரஞ்சு வச்சிட்டு வந்துட்டாவ. இந்தப் பிள்ளைக்கும் அந்தப் படம் மனப்பாடம் சார். ஆனா நீ என்ன பாத்தன்னுல்லா கேட்டிருக்கு. நான் பாத்ததில்ல, எங்க பள்ளிக்கூடத்து மைக்ராஸ்கோப்பு மேனேஜர் வீட்டுல இருக்கு, இன்ஸ்பெக்சனுக்கு மட்டும் வரும்னு எழுதிட்டு.

திருத்துனவரு யாரோ, அந்தத் தாள மேல அனுப்பிட்டாரு. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு பெரிய ஆபீசர் விசாரணைக்கு வாராவன்னு தாக்கல் வந்துச்சு. அன்னைக்குக் காலையில பெட்டிய எறக்கி வைக்கயில பெரிய சார் என்னைய ஒதுக்கமாக் கூப்பிட்டாவ. இது இங்கனயே இருக்குன்னு சொல்லு, தெனமும் நாந்தான் தொடைக்கேன்னு சொல்லு, இல்லன்னா நாளையிலருந்து நீ வர வேண்டாம்னு மேனேஜர் சொல்லிட்டாவன்னாவ. வீட்டுல அஞ்சு உசுரு சார். ரெண்டு வருசமா மானம் பொய்த்துப் போயி கம்பும் இல்ல, பருத்தியும் இல்ல.

சொன்னேன். சார், சொன்னேன். தெனமும் தொடைக்கேன், எல்லாப் பிள்ளைகளும் பாக்கும், இந்தப் பிள்ளைக்குத்தான் வாய் நீளம், பாடம் நடக்கயில வெளிய வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கும்னு சொன்னேன். பெரிய சார் சொல்லிக் குடுத்ததவிட ரெண்டு வார்த்த கூடவே சொன்னேன்.

அது அழல. ஆபீசரப் பாத்து, அப்ப, இப்ப ஒரு தடவ பாத்துக்கிடட்டுமா ஐயான்னு கேட்டுச்சு. பாருன்னாவ. கிட்டப் போயி, கைய ரெண்டையும் பாவாடையில தொடச்சிட்டு, குனிஞ்சு கண்ண வச்சுச்சு. ரொம்ப நேரம் வச்ச கண்ண எடுக்கல. பெறகு நிமுந்து, ஒண்ணுமே தெரியலையே, ஒரே இருட்டா இருக்கேன்னுச்சு. கீழ ஒரு கண்ணாடி உண்டாமே, வெளிச்சத்துக்குத் திருப்பி விடணுமாமே. அதுக்கு எப்பிடித் தெரியும்? அங்கன நின்ன ஒருத்தருக்கும் தெரியல. பெரிய சார் சிரிச்சாவ. பாத்தியளா ஐயா, கண்ண வச்சுப் பாக்கக்கூடத் தெரியல, படிப்புல கவனம் இல்லாத பிள்ளன்னாவ.

டி.சி.யக் கிழிச்சுக் குடுத்துட்டாவ. நடத்தை சரியில்லன்னு எழுதி. அத வச்சுக்கிட்டு எந்தப் பள்ளிக்கூடத்துல சேக்க? புதூர்ல கேட்டாச்சு, பசுவந்தனையில கேட்டாச்சு. இப்ப தீப்பெட்டி ஆபீசுல குச்சி அடுக்குது. பதினாலு வயசு. வெரல்லாம் மருந்து நாத்தம். மத்த ஆறு பேருல ஒருத்தனுக்கு ஸ்காலர்ஷிப் கெடச்சிச்சு. நல்லாப் படம் வரஞ்சிருந்தான்.

என்ன சார் சொல்லுதிய? இருட்டா இருக்குன்னு சொன்னதே அது பாத்ததில்லங்கிறதுக்கு அத்தாச்சிதானன்னா? நீங்க படிச்சவிய, சட்டுன்னு பிடிச்சிட்டிய. ஆபீசருக்கும் அது தோணத்தான் செஞ்சிச்சு. சிரிக்கல அவிய. மைக்ராஸ்கோப்பப் பாத்தாவ, அவளப் பாத்தாவ. பெறகு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு, ஏம்ப்பா, நெசத்தச் சொல்லு, பயப்படாதன்னாவ. பெரிய சார்தான் முந்திக்கிட்டாவ. ஐயா, இவன் அந்தப் பிள்ளையப் பெத்த தகப்பன், சொந்த மக மேல இல்லாததச் சொல்லுவானான்னாவ.

அதுக்கு மேல ஆபீசர் ஒண்ணும் கேக்கல சார். பேனாவத் தொறந்துட்டாவ.